ஏற்காடு ஏறுகிற காலுக்கு எந்த கிளீட்?

சேலத்தில் புதிதாக ரோட் பைக் வாங்குகிற யாரும் இரண்டு மாதத்துக்குள் கேட்டுவிடுகிற கேள்வி இது: "அண்ணா, மூணு போல்ட் ஷூ வாங்கறதா, ரெண்டு போல்ட்டே போதுமா?" ஷூவின் அடியில் போல்ட் போட்டு மாட்டி, பெடலில் பூட்டிக்கொள்கிற துண்டுதான் கிளீட்; அதை மாட்டுவது இரண்டு போல்ட்டிலா மூன்றிலா என்பதுதான் கேள்வி. சுற்றி வளைக்காமல் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறி இறங்குகிறவர், வழியில் டீக்கு நிற்கிறவர், வாரத்தில் சில நாள் அதே சைக்கிளில் வேலைக்கும் போகிறவர் என்றால் இரண்டு போல்ட் கிளீட்தான், அதாவது ஷிமானோ கம்பெனியின் எஸ்பிடி வகை. மூன்று போல்ட் ஷூவுக்கும் இந்த ஊரில் ஆள் உண்டு. ஆனால் அந்த ஆள் நீங்களா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

வேகத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். மூன்று போல்ட் கிளீட் அகலமானது, பாதத்தின் பாரம் பெரிய பரப்பில் இறங்கும், பல மணி நேரம் தொடர்ந்து மிதிக்கும்போது சுகமாக இருக்கும், இதெல்லாம் உண்மை. ஆனால் விறைப்பான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால் எஸ்பிடியிலும் அந்தச் சுகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. "பூட்டு பெடல் போட்டா காலை மேலேயும் இழுத்து மிதிக்கலாம், பலம் டபுள்" என்று சிலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சீராக மிதிக்கும்போது வேலையில் பெரும்பங்கு கீழே அழுத்துகிற காலுக்குத்தான். கால் நழுவாது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்கும், மேடுபள்ளத்தில் பெடலை விட்டுத் துள்ளாது, கிளீட்டின் பெரிய லாபம் இதுதான். நீங்கள் பார்க்க வேண்டியது, ஒரு சவாரியில் எத்தனை தடவை, எந்த மாதிரி இடத்தில் கால் தரைக்கு வருகிறது என்பதை.

இரண்டும் யாருக்காகச் செய்யப்பட்டவை என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். மூன்று போல்ட் வகையை 1984-ல் கொண்டுவந்தது பிரான்ஸின் லுக் கம்பெனி. பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டும் அமைப்பைச் செய்துகொண்டிருந்தவர்கள் அதே யோசனையைப் பெடலுக்கும் கொண்டுவந்தார்கள், அடுத்த வருடமே பெர்னார் இனோ அந்தப் பெடலில் மிதித்து டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். பந்தயக்காரர் ஏறி உட்கார்ந்தால் முடியும் கோட்டைத் தாண்டித்தான் இறங்குவார், அவருக்கு நடக்கிற வேலை கிடையாது. ஷிமானோ 1990-ல் எஸ்பிடி கொண்டுவந்தபோது நினைத்தது மலைச் சைக்கிள்காரரை, சேற்றில் இறங்கித் தள்ளவும் தூக்கவும் வேண்டியவரை. அதனால்தான் அந்த கிளீட் சின்னதாக, இரும்பில், ஷூவின் அடியில் உள்ள பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. நடந்தால் ரப்பர்தான் தரையில் படும்.

இப்போது நம்ம மலைக்கு வருவோம். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் ஆரம்பிக்கிறது, இருபது கொண்டை ஊசி வளைவு, கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊரில் இருந்து சுமார் 1500 மீட்டர் வரைக்கும். நின்று நின்று ஏறக்கூடாது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டு கிளம்புகிறோம். ஆனால் மேலே இருந்து பஸ் வந்து வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும், யாரோ காரை ஓரம்கட்டிக் குரங்குக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருப்பார்கள், கூட வந்தவருக்கு செயின் கழன்றிருக்கும், அல்லது நமக்கே மூச்சு போய்விடும். கால் கீழே வரத்தான் செய்யும். கழற்றுவதுகூட சுலபம், திரும்ப மாட்டுவதுதான் கஷ்டம். ஏற்றத்தில் ஒரு காலைப் பூட்டி ஒரு மிதி மிதித்ததும், சைக்கிள் நின்றுவிடுவதற்குள் அடுத்த கால் பெடலைப் பிடித்தாக வேண்டும். பெரும்பாலான எஸ்பிடி பெடலில் இரண்டு பக்கமும் பூட்டு உண்டு, எப்படி மிதித்தாலும் மாட்டும். ரோட் பெடலில் ஒரு பக்கம்தான். அது பின்பாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், ஷூ முனையால் தட்டித் திருப்பி மாட்ட வேண்டும். சமதரையில் இது ஒரு நொடி வேலை. வளைவின் உள்பக்கச் செங்குத்தில் பிளாஸ்டிக் கிளீட் பெடல் முதுகில் வழுக்கினால், பின்னால் வரும் லாரிக்கு முன்னால் தடுமாறுவீர்கள். எந்த கிளீட்டாக இருந்தாலும் வளைவுக்குள் நின்றுவிட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், சரிவு குறைந்த இடத்தில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்து ஏறுங்கள். தள்ளிக்கொண்டு போவது என்று ஒன்று வந்துவிட்டதல்லவா, அங்கேயும் இரண்டு போல்ட் ஷூதான் ஜெயிக்கிறது.

அப்புறம் நடை. மூன்று போல்ட் கிளீட் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், குதிகால் தாழ்ந்து முன்பாதம் தூக்கி வாத்து மாதிரி நடக்க வேண்டும். ஏரி பக்கத்தில் டீக்கடை டைல்ஸ் தரை ஈரமாக இருந்தால் ஜாக்கிரதை. ஜல்லியில் நடக்க நடக்க பிளாஸ்டிக் தேயும். ரப்பர் உறை விற்கிறார்கள், போட்டுக்கொள்ளலாம், ஆனால் டீ குடிக்க ஒரு தடவை, தட்டுவடை செட் சாப்பிட ஒரு தடவை என்று உறையை மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிற ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

யாருக்கு மூன்று போல்ட் சரி? தேசிய நெடுஞ்சாலை 44-ல் விடியற்காலையில் நாமக்கல் பக்கம் போய், நிற்காமல் திரும்புகிறவருக்கு. நீண்ட தூரப் போட்டிக்குத் தயாராகிறவருக்கு. சின்ன கிளீட்டால் முன்பாதம் எரிகிறது, ஷூ மாற்றிப் பார்த்தும் தீரவில்லை என்கிறவருக்கு. வீட்டில் டிரெய்னர், அதாவது சைக்கிளை நிறுத்திவைத்தே மிதிக்கிற ஸ்டாண்ட், போட்டு ஓட்டுகிறவருக்கும் தாராளமாக.

அதை வாங்குவதென்றால் நிறத்தில் ஏமாறாதீர்கள், இதில் நிறைய பேர் மாட்டுகிறார்கள். பூட்டிய பிறகும் குதிகால் இடமும் வலமும் கொஞ்சம் ஆடும் இடைவெளியை ஃப்ளோட் என்கிறார்கள். ஷிமானோவில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2 டிகிரி, சிவப்பு பூஜ்யம். லுக்கின் கீயோ வகையில் கருப்பு பூஜ்யம், சாம்பல் 4.5 டிகிரி, சிவப்பு 9 டிகிரி. பாருங்கள், ஒரு கம்பெனியின் சிவப்பு கொஞ்சம்கூட ஆடாது, இன்னொன்றின் சிவப்புதான் இருப்பதிலேயே அதிகம் ஆடும். "சிவப்பு கிளீட் நல்லா இருக்கு" என்று நண்பர் சொன்னதைக் கேட்டு ஆன்லைனில் வேறு கம்பெனி சிவப்பை வாங்கினால் முழங்கால்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்று ஓட்டைகள் ஷூவில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, அதனால் லுக் கிளீட்டும் ஷிமானோ கிளீட்டும் ஒரே ஷூவில் பொருந்தும். ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் சரியாகப் பூட்டாது. லுக்கிலேயே பழைய டெல்டாவும் கீயோவும் வேறு வேறு. பெடல் எதுவோ அந்தக் கம்பெனி, அந்த மாடலின் கிளீட், அவ்வளவுதான். முதல் தடவை வாங்குகிறவருக்கு ஷிமானோ என்றால் மஞ்சள், லுக் என்றால் சாம்பல். பூஜ்ய ஃப்ளோட் பக்கம் போகவே வேண்டாம், கிளீட் கோணம் மயிரிழை தப்பினாலும் அது மூட்டைத் திருகும்.

எஸ்பிடிக்குள் தேர்வு சின்னதுதான், ஆனால் முக்கியமானது. ஷிமானோவின் எஸ்ஹெச் 51 என்ற கிளீட் கருப்பு, குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் கழலும். எஸ்ஹெச் 56 வெள்ளி நிறம், பக்கவாட்டோடு, குதிகாலைச் சாய்வாக மேலே இழுத்தாலும் விட்டுவிடும். பயந்து காலைப் பிடுங்குகிறபோது யாரும் அழகாகக் குதிகாலைத் திருப்புவதில்லை, பிடுங்கத்தான் செய்வோம். அதனால் ஐந்து ரோடு நெரிசலில் ஓட்டிப் பழகுகிற புதியவருக்கு 56 நல்லது. அதன் குறை மலையில் தெரியும். சீட்டில் இருந்து எழுந்து நின்று உலுக்கி ஏறும்போது காலை மேலே இழுத்தால், எதிர்பாராத நேரத்தில் கழன்று வந்து கெண்டைக்கால் பெடலில் இடிக்கும். என் கருத்தில், குதிகாலைத் திருப்புவது யோசிக்காமலே வருகிற வரைக்கும் 56, அந்தப் பழக்கம் வந்த பிறகு 51. பெடல் பெட்டியிலேயே ஒரு ஜோடி கிளீட் வரும், அது எது என்று எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டிருக்கலாம்.

வேலைக்கும் அதே சைக்கிள் என்றால், ஒரு பக்கம் சாதாரணத் தட்டையும் மறு பக்கம் எஸ்பிடியும் உள்ள பெடல் உண்டு, ஷிமானோவின் இஹெச் 500 அந்த வகை. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் செருப்போடு போய் வரலாம், ஞாயிற்றுக்கிழமை ஷூவோடு மலை ஏறலாம். ஆனால் மேலே சொன்ன அந்தத் திருப்பி மாட்டும் தொல்லை இதிலும் வரும்.

மற்ற கம்பெனிப் பெடல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். க்ராங்க் பிரதர்ஸ் பெடலில் சேறு சிக்காது, மழைக்காலத்தில் எஸ்டேட் மண்பாதைகளில் ஓட்டுகிறவருக்கு அருமை. கிளீட் பித்தளை, சீக்கிரம் தேயும். இடது வலது கிளீட்டுகளை மாற்றிப் போட்டால் கழலும் கோணம் 15, 20 டிகிரி என்று மாறும், அது ஒரு நல்ல வசதி. டைம் ஏடக் வகையிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஸ்பீட்பிளே, இப்போது வாஹூ கம்பெனியிடம் இருப்பது, நான்கு போல்ட், இரண்டு பக்கமும் மாட்டும், ஃப்ளோட்டைப் பூஜ்யத்தில் இருந்து 15 டிகிரி வரை நாமே வைத்துக்கொள்ளலாம். மூட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். பூட்டு கிளீட்டுக்குள்தான் இருக்கிறது என்பதால் மண்ணில் நடந்தால் அடைத்துக்கொள்ளும், விலையும் அதிகம். இந்த மூன்றிலும் எனக்குள்ள ஒரே தயக்கம், கிளீட் தேய்ந்த வாரம் சேலத்தில் கடைக்குப் போய் உடனே வாங்க முடியுமா என்பது. எஸ்பிடி கிளீட் என்றால் கூட ஓட்டுகிற யாரிடமாவது ஒரு ஜோடி கிடக்கும்.

தட்டைப் பெடலும் ஒரு நல்ல பதில்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஊசி வைத்த நல்ல தட்டைப் பெடல், அடி வழுக்காத ஷூ, இதை வைத்து ஏற்காடு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், நம்மைத் தாண்டியும் போகிறார்கள்.

சரி, எப்போது மாற்றுவது? கிலோமீட்டர் கணக்கு சொல்ல முடியாது. அடிக்கடி இறங்கி நடக்கிறவருக்கு இரண்டாயிரத்தில் தேய்வது, இறங்காதவருக்குப் பல மடங்கு தாங்கும். பிளாஸ்டிக் கிளீட்டில் பார்ப்பது சுலபம். ஷிமானோவில் மூலைகளில் இருக்கும் நிறப் பட்டை தேய்ந்து அடியில் உள்ள நிறம் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன்பே முன்மூக்கு மெலிந்து கூராகியிருந்தாலும் மாற்றுங்கள், பெடலைப் பிடிப்பது அந்த மூக்குதான். இரும்பு கிளீட் கண்ணுக்கு ஏமாற்று வேலை செய்யும், காலால்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாட்டும்போது வருகிற "டிக்" சத்தம் மந்தமாகிவிட்டது, பூட்டிய பிறகும் ஷூ முன்னும் பின்னும் அசைகிறது, எழுந்து மிதித்தால் கழல்கிறது என்றால் புதியது போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அசைவு புதிய கிளீட்டிலும் இருந்தால் தேய்ந்தது பெடல். பெடல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற டென்ஷன் ஸ்குருவை இறுக்கி இதைச் சமாளிக்கிறவர்கள் உண்டு, செய்யாதீர்கள், தேய்ந்த கிளீட்டும் இறுகின ஸ்பிரிங்கும் சேர்ந்தால் எப்போது விடும், எப்போது விடாது என்று சொல்லவே முடியாது. இருபது வளைவு இறங்கும்போது வெளிப்பக்கக் காலைக் கீழே வைத்து முழு பாரத்தையும் அதன் மேல் போடுகிறோம், அந்தக் கால் நம்பகமாக இருக்க வேண்டும்.

தேய்வதில் இடது கால்தான் பெரும்பாலும் முன்னால் போகும், நாம் சாலையின் இடது ஓரத்தில் நின்று இடது காலைத்தானே ஊன்றுகிறோம். ஷிமானோ கிளீட்டில் இடது வலது வித்தியாசம் இல்லை, இடையில் ஒரு தடவை மாற்றிப் போட்டால் ஜோடியும் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். புதியது போடும்போது மட்டும் இரண்டு காலுக்கும் சேர்த்தே போடுங்கள், ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் பழக்கம் கெட்டுப்போகும்.

தேய்மானத்தைவிட ஆபத்தானது போல்ட் விழுந்துபோவது. எஸ்பிடியில் இரண்டு போல்ட்டில் ஒன்று போய்விட்டால், குதிகாலைத் திருப்பும்போது கிளீட் பெடலிலேயே இருக்கும், ஷூ மட்டும் மிச்சமிருக்கிற போல்ட்டைச் சுற்றித் திரும்பும், கழலாது. அப்படி ஆனால் பதறிக் காலைப் பிடுங்காதீர்கள், மற்ற காலை ஊன்றி நின்று, ஷூவின் பட்டையைத் தளர்த்திப் பாதத்தை வெளியே எடுங்கள். ஷூ தொங்கினால் தொங்கட்டும்.

மாற்றுகிற வேலைக்கு வருவோம். எஸ்பிடி போல்ட்டுக்கு 4 மில்லிமீட்டர் ஆலன் கீ. கீயை வைக்கும் முன் பழைய கிளீட்டைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள், புதியதை அதே இடத்தில் வைக்க வேறு சுலப வழி இல்லை. போல்ட் தலைக்குள் செம்மண் இறுகிப் போயிருக்கும், உடைந்த ஸ்போக் முனையால் குத்தி முழுவதும் எடுங்கள். பாதி மண் இருக்கும்போது கீயைத் திருகினால் உள்விளிம்பு வழுக்கிப்போகும், அப்புறம் மீதி நாள் அதற்கே சரியாகிவிடும். கீயை உள்ளே வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டி உட்காரவையுங்கள். அப்படியும் வழுக்கிவிட்டால் டி25 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட்டை அந்த ஓட்டையில் அடித்து இறக்கித் திருகலாம். அதுவும் பிடிக்கவில்லை என்றால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் போல்ட் தலையை மட்டும் டிரில் பண்ணச் சொல்லுங்கள். தலை போனதும் கிளீட் கையோடு வந்துவிடும், நீட்டிக்கொண்டிருக்கிற மீதியைப் பிளையரில் பிடித்துத் திருகி எடுக்கலாம். கார்பன் அடி ஷூ என்றால் டிரில் பிடிக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதிய போல்ட்டின் மரையில் கொஞ்சம் கிரீஸ். சேலத்து மழைக்கும் வியர்வைக்கும் இது இல்லாமல் போட்டால் அடுத்த தடவை மறுபடியும் பட்டறைதான். ஷிமானோ சொல்லும் இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர், இரண்டு போல்ட்டுக்கும் மூன்று போல்ட்டுக்கும் ஒன்றுதான். ஒரு போல்ட்டை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஷூவே புதிது, போட்டிருந்த கோடும் இல்லை என்றால், கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் அடியில் உள்ள எலும்பு முட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். பெடல் அச்சு அந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது விழ வேண்டும். நீண்ட ஏற்றத்தில் முன்பாதம் எரிகிறவர்கள் கிளீட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப் பார்க்கலாம். கோணத்துக்கு ஒரு மேஜை மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள், பாதம் தானாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் உங்கள் கோணம், நேராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஃப்ளோட்டின் ஏதோ ஒரு எல்லையில் பாதம் முட்டிக்கொண்டே இருப்பதாகத் தோன்றினால் பாதத்தின் முனை எந்தப் பக்கம் போகப் பார்க்கிறதோ, கிளீட்டின் மூக்கை அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

புதிய கிளீட் பழையதைவிட இறுக்கமாகத்தான் இருக்கும், அதனால் பெடலின் டென்ஷனைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டிக் கழற்றிப் பழகி, கன்னங்குறிச்சி பக்கம் ஒரு சுற்று போய் வந்து, போல்ட்டை மறுபடி இறுக்கிவிட்டு மலைக்குப் போங்கள். முதல் சவாரியில் கிளீட் ஷூவில் அழுந்தி உட்காரும், அதனால் போல்ட் கொஞ்சம் தளரும். கழற்றிய பழைய ஜோடியில் தேய்மானம் குறைந்ததை, அதன் இரண்டு போல்ட்டோடும் வாஷரோடும், ஒரு 4 மில்லிமீட்டர் கீயோடும் சீட் பையில் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் கிளீட் போல்ட் எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய முடியாது.